பத்தொன்பது நொடி

"பார்த்தேன்" என்று ஒரு பொத்தான். பச்சை நிறம், கட்டைவிரல் அகலம். அதை ஒரு தட்டுத் தட்டினால் விசாரணையில் பாதி முடிந்த மாதிரி. தட்டவே மாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் ஹாரன் அக்கா.

டிப்போவில் அவளுக்கு அதுதான் பெயர். இருபத்திரண்டு வருடமாக பஸ் ஓட்டுகிறாள். அவள் ஹாரன் அடித்து ஒருவரும் கேட்டதில்லை. தேவைப்பட்டால் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டித் தன் குரலாலேயே அடிப்பாள். எதிரே மறித்துக்கொண்டு நிற்கிற லாரிக்காரன் டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடி வருவான்.

"வீடியோவுக்கு அடியில இருக்கற கோடு கடைசி வரைக்கும் ஓடிடுச்சேம்மா," என்றார் ஒழுங்கு அதிகாரி. சாந்தமான மனிதர். அந்தச் சாந்தத்தைப் பார்த்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வீடியோ முடிஞ்சுது. பட்டனைத் தட்டிட்டு, உங்க பதிலை எழுதிக் கொடுத்துட்டுப் போங்க."

"கோடு ஓடுச்சு சார். படம் எங்க ஓடுச்சு? பத்தொன்பதாவது நொடியிலயே அப்படியே நின்னு போச்சே. அதுக்கப்புறம் வெறும் சத்தம்தானே வந்துச்சு?"

"நெட் கொஞ்சம் மெதுவா இருக்கும். முக்கியமானதெல்லாம் வந்துடுச்சு."

எது முக்கியம் என்று முடிவு செய்ய இவர் யார்? மேஜை மேல் கிடந்த அலுவலக டேப்லெட்டை அவள் மறுபடியும் பார்த்தாள். பஸ்ஸின் பக்கவாட்டில் மாட்டிய கேமரா எடுத்த படம். ஒரு நிறுத்தம், நடைபாதையில் சக்கர நாற்காலியில் ஒருவர், அவர் முகத்துக்கு நேரே கதவு மூடுகிறது, பஸ் நகர்கிறது, அவர் கையைத் தூக்குகிறார். அத்தோடு படம் உறைந்துவிட்டது. தூக்கிய கை தூக்கியபடியே நிற்கிறது. ரோட்டில் போன யாரோ ஒரு புண்ணியவான், "ஊனமுற்றவரை ஏற்றாமல் ஓட்டுநர் போய்விட்டார்" என்று புகார் எழுதிப் போட்டிருக்கிறான்.

ஆனால் சத்தம் நிற்கவில்லையே! உறைந்த படத்துக்குப் பின்னால் ஒரு நிமிடத்துக்கு மேல் ஓடியது. அதில் நடுவில் பீப், பீப், பீப் என்று ஒரு கூவல் கேட்டது. அது ராம்ப் இறங்குகிற சத்தம். சக்கர நாற்காலி ஏறுவதற்காக நடுக்கதவிலிருந்து வெளியே நீளும் சாய்வுப் பலகை அது. பஸ் ஓட்டுகிறவர்கள் அந்தச் சத்தத்தைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவார்கள்.

"சார், அந்த நிறுத்தத்துல நடைபாதை ஓரம் இடிஞ்சு கிடக்கு. அங்க ராம்ப்பைப் போட்டா பாதி பலகை அந்தரத்துல தொங்கும், ஏறற ஆளு குப்புற விழுவார். அதனால கதவை மூடி, ரெண்டு பஸ் நீளம் முன்னாடி போய், ஓரம் நல்லா இருக்கற இடத்துல நிறுத்தி ராம்ப்பை இறக்குவோம். தினமும் செய்யறதுதான். கதவு திறந்திருந்தா வண்டி நகராது, அதான் மூடறது."

"நீங்க சொல்றீங்க. வீடியோல நீங்க போறதுதானேம்மா தெரியுது?"

"மிச்ச வீடியோவைக் காட்டுங்க, நிக்கறதும் தெரியும்! சரி, அந்த நாற்காலிக்காரரைக் கேட்டீங்களா?"

"புகார் கொடுத்தது அவர் இல்லையே."

பக்கத்து நாற்காலியில் டயர் மேஸ்திரி உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு விசாரணையிலும் தொழிலாளர் தரப்பில் ஒருவர் முறை வைத்து உட்கார வேண்டும். இந்த முறை அவர். ஒரு நியாயம் பேசுவார் என்று அவள் திரும்பிப் பார்த்தால், அவர் தன் பச்சைப் பொத்தானை எப்போதோ தட்டிவிட்டு விரலில் ஒட்டிய கிரீஸைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அவள் பதிவேட்டில் ஏற்கெனவே இரண்டு தண்டனைக் குறி இருந்தது. ஒன்று, ஒரு பயணியைத் திட்டியதற்கு. அது நியாயம்தான், கொஞ்சம் அதிகமாகவே திட்டிவிட்டாள். இன்னொன்று, பிரேக் பிடிக்காத வண்டியை எடுக்க மாட்டேன் என்று சொன்னதற்கு. அது அவளுக்குப் பெருமை. மூன்றாவது குறி விழுந்தால் ஸ்டியரிங்கைப் பிடுங்கிக்கொண்டு, இரண்டு வருடத்துக்கு பஸ் கழுவும் கொட்டகைக்கு அனுப்பிவிடுவார்கள். சம்பளத்தில் பெரிய மாற்றம் இருக்காது. ஆனால் காலை ஐந்தரை மணிக்கு ஊர் இன்னும் கண் விழிக்காதபோது அந்தப் பெரிய வண்டியை டிப்போவிலிருந்து வெளியே திருப்புகிற அந்த ஒரு நிமிடம் இருக்கிறதே, அதற்காகத்தான் அவள் உயிர் வாழ்கிறாள் என்று சொன்னாலும் தப்பில்லை.

"இந்த இணைப்பும் ரகசிய எண்ணும் உங்க கடிதத்துலயே இருக்கு," என்றார் அதிகாரி. "மொத்தம் மூணு தடவை திறக்கலாம். ஒண்ணு ஆச்சு. வேணும்னா வீட்ல போய்ப் பாருங்க. நாளைக்குப் பதினோரு மணிக்குப் பதிலோட வாங்க. வரலைன்னா ஒத்துக்கிட்டதா எடுத்துப்போம்."

"நான் ஒத்துக்கிட்டதா நீங்களே எடுத்துப்பீங்களா? நல்லா இருக்கு சார் உங்க நியாயம்!" என்று அவள் போட்ட சத்தத்தில் கீழே பெட்ரோல் பங்க்கில் நின்றவர்கள் மேலே பார்த்தார்கள்.

வீட்டில் அவள் வீட்டுக்காரர் முழங்கால் அறுவை சிகிச்சை செய்துகொண்டு ஆறு வாரமாகச் சோபாவில் கிடந்தார். காலை நீட்டித் தலையணை மேல் வைத்து, வயிற்றின் மேல் டேப்லெட்டைச் சாய்த்து வைத்து, காலையிலிருந்து சாயங்காலம் வரை செஸ் ஆட்டம் பார்ப்பார். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை அவருக்கு. நிதானம் தொழிலோடு வந்தது. அவள் வாசலில் செருப்பைக் கழற்றி எறிந்த சத்தத்திலேயே அவர் ஆட்டத்தை நிறுத்திவிட்டார்.

நடந்ததை அவள் ஒரே மூச்சில் கொட்டினாள். அவர் குறுக்கே பேசவில்லை. முப்பது வருட அனுபவம்.

"சரி, கொடு. இதுல போட்டுப் பாக்கலாம்," என்று கையை நீட்டினார்.

"இருங்க, அவசரப்பட வேணாம். இன்னும் ரெண்டே தடவைதான். முதல்ல உதவி எண்ணுக்குக் கேப்போம்."

பொறுப்பாகச் செய்த காரியம். அதுதான் அவளுக்கு வினையாய் முடிந்தது. கடிதத்தின் அடியில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தாள். இருபது நிமிடம் பாட்டுப் போட்டார்கள். பிறகு ஒரு பெண், ரொம்ப மரியாதையாக, "உங்க எண்ணைப் போட்டுப் பக்கத்தைத் திறங்க மேடம்," என்றாள். திறந்தாள். வீட்டுக்காரரின் டேப்லெட்டோடு வந்த பழைய பிரவுசரில் சத்தம் மட்டும் வந்தது. படம் கன்னங்கரேலென்று இருந்தது. "படமே வரலைம்மா," என்றாள். "அப்படியா மேடம், பக்கத்தை மூடிட்டு மறுபடியும் திறங்க. சரியாகிடும்."

அவள் விரலைக் கொண்டுபோகையில் வீட்டுக்காரர் சட்டென்று அவள் மணிக்கட்டைப் பிடித்தார். "திறக்காதே! இப்ப திறந்தா மூணாவது."

"ஏம்மா," என்றாள் அவள் போனில், "மறுபடியும் திறந்தா கணக்குல ஒண்ணு கழியுமா கழியாதா?"

"கழியும் மேடம்."

"படமே தெரியலையே, அதுக்கும் கழியுமா?"

"திறந்தாலே பார்த்ததா பதிவாகும் மேடம். வேற ஏதாவது உதவி வேணுமா?"

"உதவியா? நீ செஞ்ச உதவியே போதும் தாயி!" என்று போனைச் சோபாவில் வீசினாள். அது அவர் முழங்காலில் விழுந்தது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். அவளுக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஒருத்தியின் இருபத்திரண்டு வருடத்தை எடைபோட வைத்திருக்கிற படத்தை, அவள் கண்ணில் காட்டாமலேயே காட்டியதாக எழுதிக்கொள்கிறார்களே! கேட்பார் இல்லையா?

இன்னும் ஒரே ஒரு தடவை. அதுவும் கெட்டால் பதினோரு மணிக்கு வெறும் வாயோடு போய் நிற்க வேண்டியதுதான்.

"இப்படி உட்காரு," என்றார் அவர். "என் செஸ் படமும் இப்படித்தான் படுத்தும். எது ஓடும், எது ஓடாதுன்னு தெரிஞ்சுக்காம உன் எண்ணைத் தொடவே கூடாது. அதே இடத்துல சும்மா பாக்கற மாதிரி வேற வீடியோ ஏதாவது இருக்கான்னு பாரு."

இருந்தது. போக்குவரத்துக் கழகத்தின் அதே பக்கத்தில், 'பணியாளர் பயிற்சி' என்று ஒரு மூலை. அங்கே இருந்த வீடியோக்களைத் திறக்க எண் எதுவும் வேண்டாம். எத்தனை தடவை வேண்டுமானாலும் பார்க்கலாம். யாரும் பார்ப்பதில்லை என்பதால் அந்தத் தாராளம்.

அவரிடம் இரண்டு பிரவுசர் இருந்தன. முதலாவது டேப்லெட்டோடு வந்த நீல உருண்டை. அதில் பயிற்சி வீடியோவைப் போட்டார். அதே கருப்பு, அதே சத்தம். "இது பழசு. டேப்லெட்டே பழசு, இதுக்குப் புதுசு அனுப்பறதை நிறுத்திட்டான். இவங்க வீடியோ புது விதத்துல எடுத்தது. சத்தம் புரியுது இதுக்கு, படம் புரியல," என்று அதை ஒதுக்கினார்.

இரண்டாவது, அவரே இறக்கி வைத்துக்கொண்ட சிக்கன பிரவுசர். நெட் செலவைக் குறைக்கும் என்று ஊரெல்லாம் சொல்லி அவர் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த சாமான். படம் வந்தது. அவள் எழுந்து நின்றுவிட்டாள். பத்து நொடி, பதினைந்து நொடி. கொஞ்ச நேரத்தில் படம் உறைந்தது. சத்தம் மட்டும் ஓடியது. அடியில் கோடு ஜம்மென்று கடைசி வரை போனது.

"இதேதான்!" என்று அவள் கத்தினாள். "ஆபீஸ்ல இதே மாதிரிதான் நின்னுச்சு!"

அவர் அமைப்புகளுக்குள் போய்த் துழாவினார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, திரையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் படித்தார். பிறகு தலையை ஆட்டினார். "இது ஆரம்பத்துல கொஞ்ச நேரத்துக்கு மட்டும் படத்தைக் காட்டும். பெரிய வீடியோவா இருந்தா அதுக்கப்புறம் படத்தை நிறுத்திட்டுச் சத்தத்தை மட்டும் விடும். செலவு மிச்சமாம். மாத்தவும் முடியாது, அதோட பிறவிக் குணமே அதுதான். உங்க ஆபீஸ் டேப்லெட்லயும் இந்த மாதிரி சிக்கனத்தைத்தான் போட்டுப் பூட்டி வச்சிருக்கணும்."

"மிச்சம் பிடிக்கறதுக்கு என் தலைதான் கிடைச்சுதா அவங்களுக்கு? பஸ் நகர்றது இலவசம், பஸ் நிக்கறதுக்குக் காசா?"

மூன்றாவதாக ஒன்றைப் புதிதாக இறக்க வேண்டும். இறக்கப் போனால் இடமில்லை என்றது டேப்லெட். முந்நூற்று நாற்பது செஸ் ஆட்டம் அவர் சேர்த்து வைத்திருந்தார், ஆறு வாரத்துச் சம்பாத்தியம். அவர் அவளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்த்தாள். "சரி, போகட்டும்," என்று எல்லாவற்றையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்து அழித்தார். அழிக்கும்போது கண்ணை மூடிக்கொண்டதை அவள் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டாள்.

புதிய பிரவுசர் வந்து உட்கார்ந்ததும், பயிற்சி வீடியோ உறையாமல் முடிவு வரை ஓடியது. ஓடிய வீடியோ எது தெரியுமா? 'ராம்ப் இயக்கும் முறை'. அதில் சட்டை கசங்காத ஒருவர் நின்றுகொண்டு, "நடைபாதையின் ஓரம் சமமாக இல்லாத இடங்களில் கதவை மூடி, வண்டியைச் சற்று முன்னே நகர்த்தி, பாதுகாப்பான இடத்தில் நிறுத்திய பின்னரே ராம்ப்பை இறக்க வேண்டும்," என்று அழகாகச் சொல்கிறார்!

அவளுக்குச் சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை. "அட பாவிங்களா! செய்யுன்னு சொல்றதும் நீங்கதான், செஞ்சேன்னு பிடிக்கறதும் நீங்கதானா?"

அவர் அவள் போனை வாங்கி, தலையணை அடுக்கில் சாய்த்து, டேப்லெட் திரை முழுதும் தெரிகிற மாதிரி வீடியோ எடுக்க வைத்தார். "இப்ப உன் எண்ணைப் போடு. நிதானமா. ஒவ்வொரு எண்ணா." அவள் ஒவ்வொன்றையும் கடிதத்தோடு ஒத்துப் பார்த்துத் தட்டினாள்.

படம் ஓடியது. கதவு மூடியது. வண்டி நகர்ந்தது. நாற்காலிக்காரர் கையைத் தூக்கினார். பத்தொன்பது. இருபது. இருபத்தொன்று. தூக்கிய கை, முன்னால் போ, முன்னால் போ என்று ஆட்டியது! அவருக்கும் அந்த ஓரம் தெரியும். அவர் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு நடைபாதையில் கூடவே வந்தார். முப்பத்தைந்தாவது நொடியில் பஸ் நின்றது. பீப், பீப் என்று ராம்ப் இறங்கியது. அவர் ஏறினார். அவள் குரல்கூடக் கேட்டது, "பாத்து சார், அவசரமில்ல."

"ஓட்டுநர் ஏற்றாமல் போய்விட்டார்," என்றாள் அவள் திரையைப் பார்த்து. பிறகு சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்து, புருஷன் தோளில் முகத்தை வைத்து ஒரு மூச்சு அழுதாள்.

மறுநாள் பதினோரு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே அவள் மாடி ஏறிவிட்டாள். போனை மேஜை மேல் வைத்தாள். அதிகாரி அதைத் தொடவில்லை.

"போன்ல எடுத்ததை நான் ஏத்துக்க முடியாதும்மா. சிஸ்டத்துல இருக்கறதுதான் சாட்சி."

"சிஸ்டத்துல இருக்கறதைத்தான் சார் எடுத்தேன்! உங்க சிஸ்டம் உங்களுக்கே காட்ட மாட்டேங்குது. நீங்க இன்னொரு தடவை போட்டுப் பாருங்க."

அவர் போட்டார். பத்தொன்பதில் நின்றது. அவள் ஒன்றும் சொல்லாமல் டயர் மேஸ்திரி பக்கம் திரும்பினாள். "அண்ணே, உங்களுக்கு விசாரணைக் குழுவுக்கான எண் இருக்கில்ல? உங்க சொந்த போன்ல, நீங்க வழக்கமா படம் பாக்கற பிரவுசர்ல அதைத் திறங்க. ஒரே ஒரு தடவை. உங்க பிள்ளைங்க மேல ஆணையா கேக்கறேன்."

மேஸ்திரி அதிகாரியைப் பார்த்தார், போனைப் பார்த்தார், திறந்தார். இரண்டு நிமிடம் அந்த அறையில் போனின் சத்தம் மட்டும் கேட்டது. மேஸ்திரி வாய் பேசாதவர் என்று டிப்போவே சொல்லும். அவர் போனை அதிகாரியிடம் நீட்டி, "ஏத்திட்டாங்களே சார்," என்றார். அதிகாரி பார்த்தார். மறுபடி முதலிலிருந்து பார்த்தார். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. மேஜை இழுப்பறையைத் திறந்து முத்திரையை எடுத்து, அவள் தாளில் 'குற்றம் நிரூபிக்கப்படவில்லை' என்று குத்தினார்.

அத்தோடு எழுந்து போயிருக்கலாம். போனால் அவள் ஹாரன் அக்காவா?

"இந்த டேப்லெட் வந்து எத்தனை மாசம் ஆச்சு சார்?"

"நாலு மாசம் இருக்கும்."

"இதுல எத்தனை பேரை விசாரிச்சீங்க?"

அவர் பதிவேட்டைப் புரட்டினார். "பதினாலு."

"பதினாலு பேரையும் பத்தொன்பது நொடியிலயா சார்? பதினாலு குடும்பம்! அந்தக் குழுவுல தொழிலாளி பக்கம்னு உட்கார வச்சிருந்தீங்களே, அந்த மகராசனுங்க என்ன செஞ்சாங்க? கண்ணு இல்லையா, காது இல்லையா? கூட வேலை செய்யறவன் வயித்துல அடிக்கறோமேன்னு ஒருத்தனுக்குக்கூடவா உறைக்கல? யாரு சார் அவங்க, பேரைப் படிங்க, நான் போய்க் கேக்கறேன்!"

மேஸ்திரி தரையைப் பார்த்தார். அதிகாரி பதிவேட்டில் ஒரு வரியின் மேல் விரலை வைத்தார். பிறகு சொன்னார்: "ஆறாவது விசாரணை, விசில்காரர். வாக்கரோட வந்த ஒரு அம்மாவை ஏத்தாம போயிட்டார்னு. தொழிலாளர் தரப்புல உட்கார்ந்தது... நீங்கதாம்மா."

அவள் பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

விசில்காரன். வண்டி ஓட்டிக்கொண்டே விசிலடிப்பவன், அதனால் அந்தப் பெயர். பதினோரு வாரம் ஆகிறது. இதே அறை, இதே மேஜை. படம் நின்றது, நெட் மெதுவாக இருக்கிறது என்று அதிகாரி சொன்னார், டீ வந்தது. "நான் முன்னாடி போய் நிறுத்தினேன்க்கா," என்று அவன் அவளைப் பார்த்துத்தான் சொன்னான். "வீடியோலதான் போறது தெரியுதேப்பா," என்று அவள் சொன்னாள். அவளே சொன்னாள். அந்தப் பின்சத்தத்தில் பீப் பீப் என்று கேட்டதும் இப்போது நினைவுக்கு வந்தது. கேட்டது. டீ ஆறிவிடுமே என்று பச்சைப் பொத்தானைத் தட்டினாள். அவனுக்கு அது மூன்றாவது குறி.

"அந்த வீடியோ இருக்கா?" என்றாள்.

"தொண்ணூறு நாள் வரைக்கும் இருக்கும். இன்னும் பதிமூணு நாள். ஆனா முடிஞ்சு போன விசாரணையைச் சும்மா திறக்க முடியாது. குழுவுல இருந்தவர் யாராவது, நான் முழுசா பாக்காமலேயே பார்த்தேன்னு பதிவு பண்ணினேன்னு கைப்பட எழுதிக் கொடுத்தாதான் திறக்கலாம்."

"ஒரு தாள் கொடுங்க."

அதிகாரி கொடுக்கவில்லை. முதல்முறையாக அவர் குரலில் சாந்தம் இல்லாமல் ஒரு மனிதன் தெரிந்தான். "யோசிச்சு எழுதுங்கம்மா. பொய்யா பதிவு பண்ணதுக்கு ஒரு குறி உண்டு. நீங்க எழுதிக் கொடுத்தா நான் போட்டே ஆகணும். உங்களுக்கு அது மூணாவது. இப்பதான் தப்பிச்சீங்க."

"நீங்களும்தானே சார் பாக்காம முடிவு எழுதினீங்க? உங்களுக்கும் ஒரு குறி போட்டுக்குவீங்களா?"

"அதிகாரிகளுக்குக் குறி கிடையாதும்மா."

"அதானே பார்த்தேன்."

அவள் ஜன்னல் வழியே கீழே பார்த்தாள். அவள் வண்டி கொட்டகையை ஒட்டி நின்றது. காலையில் அவள்தான் அதை அங்கே ஒதுக்கி நிறுத்தினாள். இப்போது சும்மா இறங்கிப் போனால் ஒருவரும் கேட்கப் போவதில்லை. மேஸ்திரி வாய் திறக்கமாட்டார். அதிகாரி சந்தோஷமாகப் பதிவேட்டை மூடுவார். பதிமூன்று நாள் கழித்து அந்தப் படம் தானாக அழிந்துவிடும். நேற்று முழுதும் ஊரையே திட்டித் தீர்த்தாளே, அந்தத் திட்டில் பாதி யாருக்குச் சேர வேண்டியது என்று இப்போது தெரிந்தது. வெட்கத்தில் காது சுட்டது.

"தாளைக் கொடுங்க சார்!" என்றாள். மேஸ்திரி திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

எழுதினாள். நாலே வரி. படம் பத்தொன்பதாவது நொடியில் நின்றது, நான் மிச்சத்தைப் பார்க்கவில்லை, ராம்ப் சத்தம் கேட்டும் கேட்காதது போல இருந்தேன், பார்த்தேன் என்று தட்டியது பொய். கீழே கையெழுத்து. பெற்றுக்கொண்டதற்கு முத்திரை குத்தித் தரச் சொல்லி, குத்துகிற வரை நின்றாள். மேஸ்திரி தொண்டையைக் கனைத்து, "எனக்கும் ஒரு தாள் கொடுங்க சார்," என்றார். "போன மாசம் நானும் ஒருத்தருக்கு உட்கார்ந்தேன்."

கழுவும் கொட்டகையில் விசில்காரன் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு ஒரு பஸ்ஸின் சக்கரத்துக்குள் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் குழாயைத் திருகி நிறுத்தினான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள், எதையும் மறைக்காமல், பீப் சத்தம் உட்பட. உன் வழக்கை மறுபடி திறக்கிறார்கள், முழுப் படத்தையும் பார்ப்பார்கள் என்றாள்.

"அப்ப உங்க ஸ்டியரிங்?"

"நாளையிலேர்ந்து நானும் இங்கதான்."

அவன் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். கோபப்படுவான், திட்டுவான் என்று அவள் காத்திருந்தாள். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் வந்தாள்.

"வீடியோவை விடுங்கக்கா," என்றான். "அது மிஷின், நின்னு போகும். பதினோரு வாரமா தினமும் வண்டியைக் கழுவ விட்டுட்டு என்னைத் தாண்டித்தானே போறீங்க. என்னடா நடந்துச்சுன்னு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

அவன் குழாயைத் திறந்து அடுத்த சக்கரத்துக்குப் போனான்.